தண்ணி மேல போட்ட மேடை

கொஞ்சம் இந்த முனைய மட்டும் புடிச்சிக்கிறீங்களா சார்? சன்னல் காத்து நேரா இது மேலதான் அடிக்குது. இது தண்ணிக்குத் தாங்கும், காத்துக்குத் தாங்காது. ஆங், அப்டித்தான். அழுத்தாதீங்க. அழுத்துனா முனை உதிரும்.

தெர்மாகோல்தான் சார். ஆறு பாளம். கண்டக்டர் லக்கேஜ் போடணும்ங்கறாரு. தூக்கிப் பாருங்கய்யா, எடையே இல்லன்னு கையில குடுத்தேன். எடை இல்லதான், ஆனா மூணு ஆளு எடத்த அடைக்குதேன்னாரு. நியாயம்தான்.

சட்டையில ஒட்டுதா? ஒட்டும் சார். தட்டுனா கையில ஒட்டும், கையத் தட்டுனா பேண்ட்ல ஒட்டும். விட்டுடுங்க, எறங்கறப்ப பாத்துக்கலாம். நீங்க மரக்காணம் தாண்டித்தானே போறீங்க? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிடுவேன். புன்னைக்குப்பம்.

எதுக்கு இம்மாம் பாளம்னு கேக்கறீங்களா? அது பெரிய கதை. பஸ்ஸும் மெதுவாத்தான் போவுது, சொல்றேன்.

என் பேரு கஜேந்திரன். கஜா டெக்கரேஷன்னா திண்டிவனம் சுத்துவட்டாரத்துல தெரியும். அந்தப் புயலுக்கு முன்னாடியே வச்ச பேரு சார். கல்யாண மேடை, மஞ்சத்தண்ணி மேடை, காதுகுத்து மேடை எல்லாம் போடுவேன். மயிலு, தாமரை, பொண்ணு மாப்ள பேரு, எல்லாத்தையும் தெர்மாகோல்ல வெட்டுவேன். சூடு கம்பி வச்சி வெட்டணும். பிளேடால வெட்டறவன் தொழில் தெரியாதவன். அவன் வெட்டுனா மண்டபம் பூரா பொரி பொரியாக் கொட்டிக் கெடக்கும். நான் வெட்டுனா ஒரு பொரி உதிராது. என் தொழில் சுத்தம் அப்டி.

புன்னைக்குப்பம் என் வீட்டுக்காரி தமிழரசியோட ஊரு. அங்க ஒரு கழி இருக்கு. கடல் தண்ணி உள்ள பூந்து வந்து ஏரி மாதிரி நிக்கும். நாலு வருஷம் முன்னாடி அதுல படகு சவாரி ஆரம்பிச்சாங்க. கழியில தண்ணி ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் எறங்கும். சிமெண்டுல படி கட்டுனா காலையில படகு மேல நிக்கும், சாயங்காலம் பள்ளத்துல நிக்கும். ஜனங்க எப்டி ஏறுவாங்க? தண்ணியோட சேந்து ஏறி எறங்கற மாதிரி மெதக்கற ஜெட்டி, அதான் படகுத்துறை, வேணும்னாங்க.

அதுக்குப் போட்ட கூட்டத்துல ஒருத்தரு நீல டிரம்ம வச்சிப் பண்ணலாம்னாரு. நான் எழுந்து நின்னேன். டிரம்முல ஒரு ஓட்டை வுழுந்தா முங்கிடும் ஐயா, தெர்மாகோல் முங்கவே முங்காது. ஒடைச்சாலும் மெதக்கும், ஓட்டை போட்டாலும் மெதக்கும், தூள் தூளாப் போனாலும் மெதக்கும்னேன். அன்னிக்கு அதப் பெருமையாத்தான் சொன்னேன்.

வேலைய எனக்கே குடுத்துட்டாங்க. தண்ணி மேல போடற மேடை, அவ்ளோதானே? மேடை போடறது எனக்கு என்னா புதுசா? மேல சவுக்குக் கட்டையும் பலகையும். அடியில இருவத்தி நாலு பாளம். பாளத்த சும்மா போடக் கூடாது, ஒரு ஒறை வேணும். எங்கிட்ட பழைய ஃபிளெக்ஸ் குமிஞ்சி கெடந்துச்சி. கல்யாண ஃபிளெக்ஸ், காதணி விழா ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். ஒவ்வொரு பாளத்தையும் ஒரு ஃபிளெக்ஸ்ல சுத்தி, கயிறு கட்டி எறக்குனேன். தண்ணி தெளிவா இருக்கற நாள்ல ஜெட்டி ஓரமா குனிஞ்சி பாத்தீங்கன்னா, அடியில எல்லாரும் கை கூப்பிக்கினு சிரிச்சிக்கினு இருப்பாங்க.

நாலு வருஷத்துல அந்த மேடையில ஒருத்தர்கூட வழுக்கி விழல சார். இத நீங்க எங்க வேணா சொல்லலாம். பராமரிப்பையும் என்னையே பாத்துக்கச் சொன்னாங்க. பக்கத்துலயே ஒரு பொட்டிக்கடை போட்டுக் குடுத்தாங்க, தமிழரசி பாத்துக்கிட்டா. என் பொண்ணு தன்யா ஸ்ரீக்கு அப்ப ஒரு வயசு. கடையிலதான் தொட்டில் கட்டி வளந்தா.

மேடை வருசத்துக்கு நாலு விரக்கட தாழும். அது ஏன் தாழுதுன்னு நான் யோசிக்கல. மேடைன்னா தாழத்தான் செய்யும். பத்து பாளம் புதுசா வாங்கி அடியில சொருகுவேன், பழையபடி நிமிந்துக்கும். அடுத்த வருசம் பதினாலு. அதுக்கடுத்த வருசம் பதினாறு. பழசு என்னாச்சின்னா கேக்கறீங்க? நீங்களும் தேசிங்கு மாதிரியே கேக்கறீங்களே.

தேசிங்கு என் மச்சான் சார். தமிழரசிக்கு ஒரே அண்ணன். கழியில வலை போடறவன். மடவை, இறாலு, நண்டு. பேச மாட்டான். பேசுனா ஒரு வார்த்தை, அதுவும் வலைய உதறிக்கினே பேசுவான்.

மொத வருசம் மழை முடிஞ்சி பாத்தா கழிக்கரை பூரா வெள்ளையா இருக்கு. கோரை ஓரத்துல, சேத்துல, எல்லாம் குட்டிக் குட்டியா உருண்டை. டவுன்லேருந்து வந்தவங்க என்னா இதுன்னு கேட்டாங்க. மீனு முட்டை போட்டிருக்குன்னு சொன்னேன். எனக்கு அப்டித்தான் தோணுச்சி சார், சத்தியமா. நான் திண்டிவனத்துல வளந்தவன், மீனு தட்டுக்கு வந்தாத்தான் எனக்குத் தெரியும். அவங்க எல்லாம் போட்டோ புடிச்சாங்க. இயற்கை வளம்னாங்க. நம்ம மேடை வந்த ராசி, மீனுக்குக்கூட சந்தோசம்னு நான் நெனச்சிக்கிட்டேன்.

ஒரு நாள் தமிழரசி மடவை ஆஞ்சிக்கினு இருந்தா. வயித்தக் கீறுனா, உள்ள வெள்ளையா நாலஞ்சி உருண்டை. "சினை மீனுடி, தூக்கிப் போட்டுடாத"ன்னேன். அவ என்னைய ஒரு பார்வ பாத்தா. மீன்காரன் வீட்டுப் பொண்ணு, அவளுக்குத் தெரியாதா சினை எதுன்னு? நானே எடுத்து எண்ணெயில போட்டேன். போட்ட ஒடனே சுருங்கிக் காணாமப் போயிடுச்சி சார். ஒரு நாத்தம் வந்துச்சி பாருங்க, பிளாஸ்டிக் வயர் எரியற மாதிரி. நான் எண்ணெய் சரியில்லன்னு கடைக்காரன் கிட்ட போயி சண்ட போட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

பொண்ணுக்கு மூணு வயசு. காது குத்தணும். எங்கள்ல ஒத்தப்படை வயசுலதான் குத்துவோம். தாய்மாமன் மடியில வச்சித்தான் குத்துவோம். மாமன் மடி இல்லாம குத்துனா அது காதுகுத்தே இல்ல, ஆஸ்பத்திரி ஊசி மாதிரி. தேதி குறிச்சாச்சி. இருபது அடிக்கு ஃபிளெக்ஸ் அடிச்சிட்டேன். நடுவுல தேசிங்கு படம், கறுப்புக் கண்ணாடி போட்டு. 'மருமகளுக்கு மடி தர வரும் தாய்மாமனே, வருக வருக'. அவன் கல்யாணத்துக்குக்கூட அப்டி ஒரு படம் போடல.

பத்து நாளைக்கு முன்னாடி கடைக்கு வந்தான். தோள்ல வலை.

"மாப்ள, சீர் கொண்டாறேன். மடி தரேன். நீ எனக்கு ஒண்ணு பண்ணு. அந்த மேடைய எடுத்துடு."

"ஏன் மச்சான்?"

வலைய விரிச்சிக் காட்டுனான். கண்ணிக்குக் கண்ணி வெள்ளை உருண்டை. "மீன விட இதான் ஏறுது. இதப் பொறுக்கவே பாதி நாளு போவுது. மடவை வயித்துல இதான். யாவாரி அமுக்கிப் பாத்துட்டு வேணாம்ங்கறான். கோரைப் பக்கம் இறாலே அண்டல."

நான் மீன் முட்டைன்னு ஆரம்பிச்சேன். அவன் சிரிக்கக்கூட இல்ல. தண்ணியில எறங்கி, மேடைக்கு அடியிலேருந்து ஒரு பாளத்த உருவியாந்து போட்டான். ஃபிளெக்ஸப் பிரிச்சா, பாளம் பூரா பொந்து. ஒவ்வொரு பொந்துலயும் மரவட்டை மாதிரி சுருண்டு ஒரு பூச்சி. ஓரத்த எல்லாம் நண்டு கொடஞ்சி வச்சிருக்கு. லேசா ஒதறுனான். பொலபொலன்னு கொட்டுச்சி. கரையில கெடக்கறதும் இதுவும் ஒண்ணுதான்னு எனக்கும் தெரிஞ்சி போச்சி.

அந்த எடத்துல நான் என்னா சொல்லியிருக்கணும்? சரி மச்சான்னு சொல்லியிருக்கணும். நான் சொன்னது என்னா தெரியுமா? "முதல்ல நண்ட கெளம்பச் சொல்லு, அப்பறம் நான் மேடைய எடுக்கறேன்"னேன். கடையில நாலு பேர் இருந்தாங்க, சிரிச்சாங்க. அவங்க சிரிச்சது எனக்குப் புடிச்சிருந்துச்சி.

ஆனா ஒரு விதத்துல பாருங்க சார், நான் சொன்னதுல தப்பு என்னா? பொந்து போட்டது நானா? பூச்சி. கொடஞ்சது நானா? நண்டு. மாமன் மடி தர்றதுக்கு யாராவது வெல பேசுவாங்களா? மடி என்னா வாடகைக்கா?

அவன் வலையச் சுருட்டிக்கினு போயிட்டான். காதுகுத்து நின்னுடுச்சி. ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தரு இருக்காரு, அவர வச்சிக் குத்திடலாம்னேன். "எங்கண்ணன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் மடியா?"ன்னு தமிழரசி மூணு நாள் சோறு மட்டும் போட்டா, பேசல.

அந்த வருசம் பாளம் மாத்தறப்ப ஃபிளெக்ஸ் பத்தல. இருபது அடி ஃபிளெக்ஸ் புத்தம் புதுசா மூலையில கெடக்குது. நல்ல கனமான ஃபிளெக்ஸ் சார். வீணாக்க மனசு வருமா? வெட்டி, ரெண்டு பாளத்துக்குச் சுத்தி எறக்கிட்டேன். கோவத்துல செய்யல. சிக்கனத்துல செஞ்சேன். தமிழரசி நம்பல. நீங்களும் நம்ப மாட்டீங்க போல.

அடுத்த மழையில ஒரு பாளம் கட்டு அவுந்து போயிடுச்சி. ஒரு நாள் காலையில தேசிங்கு வலைய இழுக்கறான், கனமா வருது. பெரிய கொடுவா மீனுன்னு நெனச்சி கூட ரெண்டு பேரக் கூப்டிருக்கான். மூணு பேரும் சேந்து இழுத்தா, அவனே வரான். கறுப்புக் கண்ணாடியோட. ஒரு கண்ணாடியில சிப்பி ஒட்டியிருந்துச்சாம்.

எங்கிட்ட வந்து கேட்டிருந்தா பரவால்ல. நாலு அடி அடிச்சிருந்தாலும் பரவால்ல. அந்த ஃபிளெக்ஸக் கொண்டாந்து என் கடைக்கு எதிர் வேலியில கட்டிட்டுப் போயிட்டான். ஒரு மாசம் தொங்குச்சி. படகு ஏற வந்தவங்க எல்லாம் யாரு இவரு, எப்ப தவறிட்டாருன்னு கேட்டாங்க. அவமானமா இருந்துச்சி சார். அவனுக்கு எப்டி இருந்திருக்கும்னு அப்ப நான் நெனச்சிப் பாக்கல.

அதோட பேச்சே இல்ல.

பொண்ணுக்கு அஞ்சாச்சி. பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்களும் தோடு போட்டிருக்கு. இவ பொட்டு இருக்கு பாருங்க, ஸ்டிக்கர் பொட்டு, அத எடுத்து ரெண்டு காதுலயும் ஒட்டிக்கினு போவா. வேர்வையில சாயங்காலம் கன்னத்துக்கு வந்துடும். அதப் பாத்துட்டுத் தமிழரசி அழுவா. நான் பாக்காத மாதிரி மேடையக் கழுவுவேன்.

கடைக்கு முன்னாடி கரையிலதான் அவ வெளையாட்டு. கரை ஓரத்து வெள்ளை உருண்டைய எல்லாம் கூட்டிக் கொட்டாங்குச்சியில அள்ளி பொரி யாவாரம் பண்ணுவா. காகிதத்த கூம்பா மடிச்சி எனக்கும் ஒரு பொட்லம் குடுப்பா. நானும் சாப்டற மாதிரி வாய அசைச்சி "காரம் பத்தலம்மா"ம்பேன். அவ இன்னொரு கை மண்ணு தூவுவா. நல்லா யாவாரம் பண்ற புள்ளைன்னு எனக்குப் பெருமை.

இந்த வருசம் விட்டா அப்பறம் ஏழு வயசுலதான். ஒரு நாள் தமிழரசி கடையச் சாத்திட்டு நேரா அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. என்னா பேசுனான்னு தெரியாது. திரும்பி வந்து "அண்ணன் வருது"ன்னா. மேடைய எடுக்கச் சொல்றானான்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. புள்ளைக்கு வயசாவுது, வரேன்னுச்சி"ன்னா.

நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் சார். மறைக்க மாட்டேன்.

போன வாரம் வெள்ளிக்கெழம, குலசாமி கோயில்ல. மேடை டெக்கரேஷன் நானே. பொண்ணு பேர தெர்மாகோல்ல வெட்டி, ரெண்டு பக்கமும் மயிலு. தேசிங்கு வந்தான். தாம்பாளம் இருபத்தொண்ணு. பட்டுப்பாவாட, வளையலு, பழம், தங்கத்துல ரெண்டு தோடு. மீனு சரியாப் படாத வருசத்துல எங்கேருந்து பொரட்டுனானோ. புது வேட்டி கட்டிக்கினு மணையில உக்காந்தான். என்னையப் பாக்கல. புள்ளைய வாங்கி மடியில வச்சான். ரெண்டு வருசமா கிட்ட சேக்காத மாமன், ஆனா அது போயி அவன் நெஞ்சுல சாஞ்சிக்கிச்சி.

ஆசாரி காதுல சந்தனம் வச்சாரு. புள்ள தலைய ஒரு பக்கமா சாச்சாரு. கம்பிய எடுத்தவரு நிறுத்திட்டாரு. "காதுக்குள்ள என்னாமோ வெள்ளையா இருக்கே"ன்னாரு.

மேளம் நின்னு போச்சி. தமிழரசி ஓடி வந்தா. தேசிங்கு ஒண்ணும் பதறல. வலைக் கண்ணியிலேருந்து எத்தினியப் பிரிச்சி எடுத்த கையி அது. புள்ளையக் குப்புறச் சாச்சி, காது மடல லேசா இழுத்து, பின்னால ரெண்டு தட்டு தட்டுனான். வுழுந்துச்சி. அவன் வேட்டி மேல. ஒரே ஒரு உருண்டை. வேட்டி வெள்ளை, அதுவும் வெள்ளை, தேடித்தான் எடுத்தான்.

அப்பதான் என்னைய நிமிந்து பாத்தான். கைய நீட்டுன்னு கண்ணால காட்டுனான். நீட்டுனேன். உள்ளங்கையில வச்சான்.

"இந்தா மாப்ள, உன் சாமான்."

அவ்ளோதான் சார். ஆசாரி குத்துனாரு, புள்ள வீல்னு கத்துச்சி, மாமன் வாயில சக்கரை போட்டான், மேளம் அடிச்சாங்க. எல்லாரும் சாப்டப் போயிட்டாங்க. நான் அத உள்ளங்கையில வச்சிக்கினு நிக்கறேன். எங்க போடறதுன்னு தெரியல. கீழ போட்டா காத்து அள்ளிக்கினு போயிக் கழியிலதான் போடும். எடையே இல்ல சார் அதுக்கு. ஆனா கையி வலிச்சிது.

மறுநாளே மேடையப் பிரிச்சிட்டேன். படகு சவாரி ஆபீஸ்ல கத்துனாங்க. சவாரி கெட்டுப் போச்சி, டிரம்மு வர ரெண்டு மாசம் ஆவும்னாங்க. கடையும் மூடிக் கெடக்குது. இப்ப ஜனங்க முட்டிக்கால் தண்ணியில எறங்கித்தான் படகு ஏறுறாங்க. ரெண்டு பேர் வழுக்கி விழுந்துட்டாங்களாம். என் மேடையில ஒருத்தர்கூட விழல, அத மட்டும் மறந்துடாதீங்க.

பிரிக்கறப்ப தேசிங்கு தானா வந்து தண்ணியில எறங்குனான். கூட நின்னு பாளத்த உருவுனான். நாலு வருசத்துல நான் உள்ள போட்டது அறுவத்தி நாலு பாளம். முழுசா வெளிய வந்தது ஒம்பது. அப்பறம் துண்டும் தூளுமா நாலு மூட்டை. மீதி எங்கன்னு அவன் கேக்கல. நானும் கேக்கல. ரெண்டு பேரும் கழியப் பாத்துக்கினே மூட்டை வாயக் கட்டுனோம்.

இந்த ஆறு பாளமா? இது இந்த வருசம் மாத்தறதுக்குன்னு முன்னாடியே வாங்கி வச்சது. திருப்பிக் குடுக்கலாம்னு காலையில பாண்டிச்சேரி எடுத்துக்கினு போனேன். வாங்குன கடையில திருப்பி எடுக்க மாட்டோம்ங்கறான். பழைய சாமான் கடையில எடைக்கு நிக்காதுன்னு சிரிக்கறான். குப்பை லாரிக்காரன்கூட லாரி ரொம்பிடும்ங்கறான். என் தொழில்காரன் ஒருத்தன் கிட்ட சும்மா தரேன்னேன், அவன் இப்பல்லாம் துணியிலயும் பூவுலயும்தான் மேடை போடறானாம். வாங்கப் போனா வாண்ணா வாண்ணாங்கறாங்க. குடுக்கப் போனா ஒருத்தனும் மூஞ்சியே பாக்கல.

உங்க வீட்ல கொலு வைப்பீங்களா சார்? படிக்கு அடியில வச்சா நல்லா இருக்கும். புள்ளைங்க ஸ்கூல் ப்ராஜெக்டு? வேணாமா? சரி, சும்மா கேட்டேன்.

வீட்ல ஏற்கெனவே அந்த ஒம்பது பாளமும் நாலு மூட்டையும் கெடக்குது. கட்டில் போட எடமில்ல. தமிழரசி திண்டுல சாஞ்ச மாதிரி மூட்டையில சாஞ்சிக்கினு உக்காந்திருக்கா. தோடு போட்ட காத காட்டிக்கினு பொண்ணு பாளத்து மேல ஏறிக் குதிக்கறா. உதிர்றதக் கூட்டிப் பெருக்கி மறுபடி மூட்டையில போடறேன். தெனமும் அதான் வேல. எவ்ளோ நாளைக்குன்னு தெரியல. எரிக்கக் கூடாதாம், பொதைச்சா மக்காதாம். நானே சொன்னேனே, தூளாப் போனாலும் முங்காதுன்னு.

ஆங், அதோ தெரியுது பாருங்க, பனமரத்துக்குப் பின்னால. அதான் கழி. இங்கேருந்து பாக்கறப்ப அழகா இருக்குல்ல? கரை ஓரம் வெள்ளையா? ஆமா சார். அது மீன் முட்டை இல்ல.

எறங்கணும். கண்டக்டர், புன்னைக்குப்பம்! கொஞ்சம் நிறுத்திப் போங்கய்யா, பாளம் இருக்கு. முனைய விட்டுடுங்க சார், ரொம்ப நன்றி.

இருங்க இருங்க. தட்டாதீங்க. சன்னல் தொறந்திருக்கு. உங்க காலர்ல ஒண்ணு, தோள்ல ரெண்டு இருக்கு. அசையாதீங்க, நான் எடுத்துக்கறேன்.

என் சாமான் சார் அது.